நார்வேல பனி விழாத வருஷம்

முதல்லயே சொல்லிடறேன், எனக்கு ரிட்டயர் ஆகுற வயசெல்லாம் ஆகல. இந்த மாதிரி வேலை அனுபவம் எழுதுறவங்க முப்பது வருஷ சர்வீஸ் போட்டுட்டு சாவகாசமா உக்காந்து எழுதுவாங்க. நான் முழுசா பாத்தது ஒரே ஒரு சீசன். ஆனா அந்த ஒரு சீசன்லயே ஒரு புரொடக்ஷன் லைனையே மூடுனதப் பாத்துட்டேன். காலேஜ் ஜூனியர் பசங்க குரூப்ல "ண்ணா, ஷூ கம்பெனில மெர்ச்சண்டைசர்னா இன்னா வேலைண்ணா?"னு கேட்டுக்குனே இருக்கானுங்க. அவனுங்களுக்குத் தான் இது. ஃபாஸ்ட்டா அடிக்கிறேன், எழுத்துப் பிழை இருந்தா அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.

1. சித்திரைல குளிர் பூட்ஸ்

நான் மெர்ச்சண்டைசரா, அதாவது பையர்னு சொல்ற வெளிநாட்டு வாங்குறவனுக்கும் ஃபேக்டரிக்கும் நடுவுல ஆர்டர் பாத்துக்கிற ஆளா, ஜாயின் பண்ணது ஏப்ரல். வேலூர் பக்கத்து வெயிலப் பத்தி உங்களுக்கு நான் சொல்லவே வேணாம். பைக் சீட்டு மேல உக்காந்தா தோசைக்கல்லு மேல உக்காந்த மாதிரி இருக்கும். கம்பெனி ஆம்பூர் தாண்டி ஹைவேஸ் ஓரம். உள்ள போனா ஒரு ஹால் முழுக்க லேடீஸ் தையல் மெஷின்ல குனிஞ்சிருக்காங்க. ஒவ்வொருத்தர் மடியிலயும் வெள்ளையா, புசுபுசுன்னு ஆட்டு ரோமம். பூட்ஸுக்குள்ள வெக்கிற லைனிங். மேல ஃபேன் சுத்துது, சுடு காத்த அள்ளி அள்ளி ஊத்துது. ரோமம் பறந்து கழுத்து வேர்வைல ஒட்டிக்குது. சித்திரை மாசம் இது நடக்குது.

புரொடக்ஷன் மேனேஜர் இம்தியாஸ் பாய் என் பயோடேட்டாவப் பாத்தாரு. மூஞ்சி சுருங்கிச்சு.

"லெதர் டெக்னாலஜி இல்லியா?"

"இல்ல சார். பி.ஏ. ஜியாகிரபி."

"ஜியாகிரபியா? அத்த வெச்சு இங்க இன்னா பண்ணப் போற? மலைய தெக்கப் போறியா?" பக்கத்துல இருந்தவங்க சிரிச்சாங்க. "சரி, நார்வே எங்க கீது, சொல்லு."

"ஐரோப்பால சார், வடக்கு உச்சில. ஒரு பக்கம் ஃபுல்லா கடல்."

"கரீட்டு. இந்த லைன் அந்த ஊருக்குத் தான். ஒரே பையர், ஒரே நாடு, ஒரே ஐட்டம், குளிர் பூட்ஸ். ஜனவரில அவன் கடைல வியாபாரம் எப்டின்னு பாப்பான். நல்லா போயிருந்தா அடுத்த வருஷத்துக்கு ஆர்டர் போடுவான், லைன் ஓடும். போடலன்னா இந்த லேடீஸ் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பணும். புரிதா தம்பி?"

புரிஞ்சிது. முதல் நாளே புரிஞ்சிது.

லைன் சூப்பர்வைசர் எஸ்தர் அக்கா. மாதனூர் பக்கம் ஒரு கிராமம். கம்பெனி பஸ்ல முதல் சீட்டு அவங்களுக்கு. பூட் லைன் ஆரம்பிச்சப்போ ஆள் கிடைக்கல, ரோமம் தெக்கறது பேஜார் புடிச்ச வேலை, ஒருத்தரும் வர மாட்டேன்றாங்க. அக்கா தான் சொந்தக்காரங்க, பக்கத்து வீடு, சர்ச்ல கூட உக்கார்றவங்கன்னு பேசிப் பேசி கூட்டிட்டு வந்திருக்காங்க. பாதி பேரு வேற கம்பெனில நல்லா இருந்த வேலைய விட்டுட்டு வந்தவங்க.

"என் வார்த்தைய நம்பி வந்துருக்குதுங்க தம்பி. இந்த லைன் நிக்கக் கூடாது"ன்னு அக்கா எங்கிட்ட முதல் வாரமே சொன்னாங்க. ஏதோ நான் தான் நார்வேக்கு ராஜா மாதிரி.

2. சூரியன் வராத ஊரு

மே மாசம் பையர் சைடுலருந்து ஒரு டெக்னீஷியன் வந்தாங்க. இங்ரித்னு பேரு, நடு வயசு. கார்லருந்து எறங்கினதும் வெயில் அவங்கள ஒரு அறை விட்டுச்சு பாருங்க, அப்டியே காருக்குள்ள திரும்பப் போயிட்டாங்க. அப்புறம் தைரியம் பண்ணி வெளிய வந்து லைனுக்குள்ள நடந்தாங்க. தக்காளி கலர்ல ஆயிட்டாங்க.

நான் தான் நடுவுல நின்னு மொழிபெயர்ப்பு. லைன்ல ரேவதின்னு ஒரு பொண்ணு, கை ஃபாஸ்ட்டு, வாய் அத விட ஃபாஸ்ட்டு. "ஜியாகிரபி, அந்தம்மா ஊர்ல வெயில் எப்டின்னு கேளேன்"னுச்சு.

கேட்டேன். இங்ரித் சொன்னாங்க: "எங்க அம்மா ஊரு வடக்கு கோடி. அங்க குளிர்காலத்துல ரெண்டு மாசம் சூரியனே மேல வராது."

நான் தமிழ்ல சொன்னதும் லைனே மெஷின நிறுத்திடுச்சு.

"ரெண்டு மாசமா? அப்போ துணி எப்டி காயும்?" இது ரேவதி.

இங்ரித் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. இவ்ளோ வருஷத்துல யாரும் இந்தக் கேள்வி கேட்டதில்லயாம். அப்புறம் அவங்க கேட்டாங்க, உங்க ஊர்ல குளிர்காலம் எப்டின்னு.

எஸ்தர் அக்கா ரொம்ப சீரியஸா, "மார்கழில நடுங்கிடும். குல்லா, ஸ்வெட்டர் இல்லாம பஸ் ஸ்டாப்ல நிக்க முடியாது"ன்னாங்க. எத்தன டிகிரின்னு இங்ரித் கேக்க, பதினெட்டு இருக்கும்னு நான் சொன்னேன். அவங்க என்னையும் அக்காவையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க. அப்புறம், "பதினெட்டு வந்தா நாங்க கடல்ல குளிக்கப் போவோம்"ன்னாங்க.

அன்னிக்கு லஞ்ச்ல ரெண்டு ஊரையும் வெச்சு அவங்க கூட பேசினேன். படிச்ச படிப்பு ஒரே ஒரு நாள் யூஸ் ஆச்சுன்னா அது அன்னிக்குத் தான். நம்ம ஊரு பாலாத்துப் பள்ளத்தாக்கு. ஒரு பக்கம் ஜவ்வாது மலை, இன்னொரு பக்கம் ஆந்திரா பார்டர் மலைங்க, எல்லாம் மொட்டப் பாறை. பகல் முழுக்க வெயில குடிச்சிட்டு பொழுது சாஞ்சப்புறம் நம்ம மேலயே ஊதும். கடல் காத்து இவ்ளோ தூரம் வர்றதுக்குள்ள செத்துப் போயிடும். அவங்க ஊர்ல மலைய ஒடச்சிக்கிட்டு கடலே உள்ள வந்து நிக்குது. நம்ம ஆத்துக்குள்ளயே தண்ணி கிடையாது, அவங்க மலைக்குள்ள கடல் கீது. அந்தக் கடல்லயும் தெக்குலருந்து ஒரு வெது வெதுப்பான நீரோட்டம் போகுது. அதனால அவ்ளோ வடக்குல இருந்தும் கரை ஓரம் உறையாது. கரைல மழை, கொஞ்சம் உள்ள போனா பனி. ஒரு காத்து திசை மாறினா மழையும் பனியும் எடம் மாறிக்கும்.

"கரெக்ட். அது தான் எங்க தலைவலி"ன்னாங்க இங்ரித். "எங்க கடைங்க ஜாஸ்தி தெக்கு பக்கம், தலைநகர் ஓஸ்லோ சுத்தி. அங்க பனி விழுந்தா தான் ஜனங்க பூட்ஸ் வாங்குவாங்க. மழை பெஞ்சா பழைய ஷூவோட ஓட்டிடுவாங்க."

நான் தலைய ஆட்டிட்டு தயிர் சாதம் சாப்ட்டேன். அந்த லைனோட தலையெழுத்த முழுசா ஒரே மூச்சுல சொல்லிட்டாங்கன்னு அப்போ மண்டைல ஏறல.

கிளம்புறப்போ இங்ரித்துக்கு தலை சுத்திடுச்சு. சாம்பிள் ரூம்ல மட்டும் தான் ஏ.சி., அங்க படுக்க வெச்சு எலுமிச்சம்பழ ஜூஸ் குடுத்தோம். எஸ்தர் அக்கா விசிறிட்டே, "பாவம், பழக்கம் இல்ல"ன்னாங்க. கதவுக்கு அந்தப் பக்கம் லைன் ஓடிக்கிட்டு இருந்துச்சு. மைனஸ் இருபத்தஞ்சுல அந்த பூட்ஸ் தாங்குமான்னு டெஸ்ட் பண்ண லேப்ல மெஷின் உண்டு. நாப்பத்தி ரெண்டுல அத தெக்கிறவங்க தாங்குவாங்களான்னு பாக்க ஒரு மெஷினும் கிடையாது.

3. ஐஸ்கிரீம் ஃப்ரீசர்

போறப்போ இங்ரித் ஒரு குண்டு போட்டுட்டுப் போனாங்க. பூட்ஸோட அடி சோல மாத்தணும். பழைய சோல் கடுங்குளிர்ல மடிஞ்சா வெடிப்பு விடுது. புது சோல் டெஸ்ட் பாஸ் ஆனா தான் ஷிப்மென்ட். லேப்ல க்யூ, டேட் கிடைக்க லேட் ஆகும். இம்தியாஸ் பாய்க்கு பொறுமை கம்மி.

"என் மச்சான் ஐஸ்கிரீம் ஏஜென்சி வெச்சிருக்கான். அவன் ஃப்ரீசர்ல ஒரு நாள் போட்டு வெச்சு, எடுத்து மடிச்சுப் பாப்போம். லேப்பு இன்னா பெரிய லேப்பு."

போட்டோம். கோன் ஐஸ் பக்கத்துல எங்க சோல் படுத்துட்டு இருந்துச்சு. மறுநாள் மத்தியானம் நான் பைக்ல போய் எடுத்துட்டு வந்தேன். ஆம்பூர் டிராபிக்க தாண்டி கம்பெனிக்கு வந்து பையத் தொறந்தா, சோல் சுடச்சுட வடை மாதிரி கீது. பாய் மடிச்சாரு, பஞ்சு மாதிரி மடிஞ்சுது. "பாஸ்!"ன்னாரு.

"சார், இது குளிர்ல பாஸ் ஆகல. நம்ம வெயில்ல பாஸ் ஆயிருக்கு."

மறுநாள் தெர்மாகோல் பெட்டில கொண்டாந்தோம், அதுவும் வேலைக்கு ஆகல. அதுக்கு அடுத்த நாள் பாயே சோல மடிச்சுப் பாக்குற மெஷின தூக்கிட்டு ஏஜென்சிக்கு வந்துட்டாரு. ஃப்ரீசர் கதவ தொறந்ததும் கரன்ட் போச்சு. மச்சான் கத்துறாரு, "ஐஸ்கிரீம்லாம் உருகுது, மூடுங்கய்யா!" பாய் கடைசியா ஒத்துக்கிட்டாரு. "ச்சே, இந்த ஊர்ல குளிர ஒரு நிமிஷம் புடிச்சு வெக்க முடியல தம்பி."

அப்புறம் ஒழுங்கா லேப்புக்கே அனுப்பினோம். பாஸ் ஆச்சு, சூப்பராவே பாஸ் ஆச்சு. இத நான் அழுத்திச் சொல்றேன், ஏன்னா பின்னாடி நடந்ததுக்கு பூட்ஸ் மேல குத்தமே இல்ல. தையல்ல குத்தம் இல்ல, சோல்ல குத்தம் இல்ல. ஆடி மாசம் கன்டெய்னர் எல்லாம் சென்னை துறைமுகம் போயிடுச்சு. எஸ்தர் அக்கா கேசரி கொண்டாந்தாங்க.

4. பனின்னா எந்தப் பனி

நவம்பர், டிசம்பர் பூட் லைனுக்கு டல் சீசன். வேற கம்பெனிக்கு தெச்சுக் குடுக்குற சில்லறை ஜாப் ஒர்க் தான். மத்த நேரம் காத்திருக்கறது. நான் போன்ல வெதர் ஆப்ல ஓஸ்லோவ ஏத்தி வெச்சேன். அவ்ளோ தான், டெய்லி கேன்டீன்ல நான் வானிலை அறிக்கை வாசிக்கணும்னு ஆயிடுச்சு.

"ஜியாகிரபி, இன்னிக்கு இன்னா?"

"பிளஸ் நாலு. மழை."

"நேத்தும் மழை தான சொன்ன?"

"நேத்தும் மழை தான்."

"ஆப்ப மாத்து பா. ராசியில்லாத ஆப்பு."

டிசம்பர் பாதிலயும் மழை. இங்ரித் மெசேஜ் பண்ணாங்க: காத்து கடல் பக்கத்துலருந்தே வீசுது, தரை ஈரமா கீது, வெள்ளையே இல்ல. கடைல பூட்ஸ் அடுக்குல அப்டியே நிக்குதாம். நான் அத லைன்ல சொல்லல. ஆனா என் மூஞ்சியப் பாத்தே எஸ்தர் அக்கா கண்டுபுடிச்சிட்டாங்க.

அந்த ஞாயித்துக்கிழமை அக்கா அவங்க சர்ச்ல பாஸ்டர்கிட்ட சொல்லி ஸ்பெஷல் ஜெபம் வெச்சாங்க. நார்வே தேசத்துல பனி பெய்யணும்னு. மாதனூர் பக்கம் ஒரு சின்ன சர்ச்சு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, உள்ள இருக்கறவங்கள்ல பாதி பேரு ஷூ கம்பெனி. எல்லாரும் முட்டி போட்டு, பாத்தே இல்லாத ஒரு ஊருக்கு பனி கேட்டாங்க.

மறுநாள் காலைல பாக்கணுமே. மாதனூர்லருந்து ஆம்பூர் வரைக்கும் ஹைவேஸ்ல பனி. முன்னாடி போற லாரி தெரியல. கம்பெனி பஸ் ஹெட்லைட்டப் போட்டு மாட்டு வண்டி மாதிரி ஊர்ந்து வந்துச்சு. லைனே லேட்டு. எல்லார் தலை முடியிலயும் பொடிப் பொடியா தண்ணி. ரேவதி எறங்கினதும் கத்துச்சு:

"அக்கா! உங்க ஜெபம் டெலிவரி அட்ரஸ் மாறி இங்க வந்துடுச்சு!"

செக்யூரிட்டி கூட சிரிச்சாரு. எஸ்தர் அக்கா மட்டும் சிரிக்கல.

"பாஸ்டர் பனின்னு கேட்டுட்டாரு. பனின்னா நம்ம ஊருப் பனி தான வரும்? அவங்க ஊருது வேற. எங்க பைபிள்ல அதுக்கு தனி பேரே கீது, உறைஞ்ச மழைன்னு. அப்டி கேட்டிருக்கணும்."

நான் ஜோக் அடிக்கலாம்னு வாயத் தொறந்தேன், மூடிட்டேன். ஏன்னா அக்கா சொன்னது ஜியாகிரபி படி கரெக்ட்டு. விடியக்காலைல புல்லு மேல நிக்கிறதும் பனி, ரோட்டுல பொகை மாதிரி நிக்கிறதும் பனி, வானத்துலருந்து பஞ்சு மாதிரி விழறதும் பனி, எல்லாத்துக்கும் நாம ஒரே வார்த்தை வெச்சிருக்கோம். நமக்கு அது போதும். நம்ம பொழப்பு அத நம்பி இல்ல. இந்த லைனோட பொழப்பு அத நம்பித் தான் இருந்துச்சு.

அடுத்த ஞாயிறு உறைஞ்ச மழைன்னே கேட்டாங்களாம். திங்கக்கிழமை அக்கா நேரா எங்கிட்ட வந்தாங்க.

"இன்னா சொல்லுது போனு?"

"மழைக்கா. பிளஸ் மூணு."

அக்கா கண்ணுல ஒரு வெளிச்சம். "மழை வரைக்கும் வந்துடுச்சு பா. உறையறது ஒண்ணு தான் பாக்கி."

வெது வெதுப்பான கடல் காத்து நின்னா தான் உறையும், அது நிக்கிற மாதிரி தெரியலன்னு தெரியும் எனக்கு. "ஆமாக்கா"ன்னேன்.

5. விழுந்துச்சு

ஜனவரி கடைசில விழுந்துச்சு.

காலைல இங்ரித் வீடியோ அனுப்பினாங்க. அவங்க வீட்டு ஜன்னல், வெளிய ரோடு, காரு, மரம் எல்லாம் வெள்ளை. சத்தமே இல்லாம விழுது. நான் சத்தமா கத்திட்டேன். ரேவதி என் கைலருந்து போனப் புடுங்கி லைன்ல பாஸ் பண்ணுச்சு. ஒவ்வொரு மெஷின்லயும் போன் நின்னு நின்னு போச்சு. ஒரு அக்கா ஸ்க்ரீன விரலால தொட்டுப் பாத்தாங்க. எஸ்தர் அக்கா முந்தானைய வாயில அழுத்திக்கிட்டு அழுதுட்டாங்க.

அப்போ இம்தியாஸ் பாய் கேபின்லருந்து கூப்ட்டாரு. கதவ சாத்தச் சொன்னாரு. பையரோட ஹெட் ஆஃபீஸ் மெயில். அது முந்தின நாளே வந்திருக்கு. சீசன் வீக், ஸ்டாக் பாதிக்கு மேல நிக்குது, கடைங்க எல்லாம் வசந்த கால சரக்கு ஏத்த ஆரம்பிச்சிட்டாங்க, அடுத்த வருஷத்துக்கு இந்த பூட்ஸ் ஆர்டர் இல்ல. குவாலிட்டி ரொம்ப நல்லா இருந்துச்சு, நன்றி.

"இப்ப பனி விழுதே சார். வீடியோ பாருங்க"ன்னேன், லூசு மாதிரி.

"விழட்டும் தம்பி. சீசன் முடிஞ்சப்புறம் விழுந்தா அது வெறும் ஐஸ்." அவரு மெயில மறுபடியும் படிச்சாரு. "இருபது வருஷமா ரிஜெக்ஷன் பாத்துட்டேன். ஸ்டிச்சு போச்சும்பான், கலர் போச்சும்பான், சண்ட போடுவேன். வானம் சரியில்லன்றவன் கிட்ட இன்னா சண்ட போட்றது?"

ஹால்லருந்து சிரிப்பு சத்தம் வந்துட்டே இருந்துச்சு.

"நீ போய் சொல்லு."

"நானா சார்?"

"நீ தான டெய்லி வானிலை வாசிச்ச. நான் சொன்னா கம்பெனி ஏமாத்துதுன்னு நெனப்பாங்க."

போனேன். அக்கா இன்னும் கண்ண தொடச்சிக்கிட்டு இருந்தாங்க. "விழுந்துடுச்சு பாத்தியா பா, விழுந்துடுச்சு"ன்னு என் கையப் புடிச்சாங்க. அந்தக் கை என் கைல இருக்கும்போதே சொன்னேன். லேட்டுக்கா, ஆர்டர் இல்லக்கா.

ரேவதி தான் முதல்ல பேசுச்சு. "அப்போ இது? இப்போ விழுதே, இது எந்தக் கணக்கு?"

ஒரு கணக்கும் இல்ல.

எஸ்தர் அக்கா கைய விட்டுட்டாங்க. திரும்பி லைனப் பாத்தாங்க, ஒவ்வொரு மெஷினா. அப்புறம் மெதுவா சொன்னாங்க: "தையல் சரியில்லன்னு சொல்லியிருந்தா கூட ஒத்துக்குவேன் பா. இவங்க கிட்ட நான் இன்னான்னு சொல்றது? நீங்க நல்லா தான் தெச்சீங்க, அங்க மழை பெஞ்சுடுச்சு, வீட்டுக்குப் போங்கன்னா?"

அப்டியே தான் சொன்னாங்க. வேற இன்னா சொல்ல முடியும்?

பிப்ரவரில லைன நிறுத்திட்டாங்க. மத்த லைன்ல எடம் வந்தா கூப்பிடறோம்னு ஆஃபீஸ்ல சொன்னாங்க. ரேவதிய கூப்ட்டாங்க, இன்னும் ரெண்டு மூணு பேரக் கூப்ட்டாங்க. மிச்ச பேர கூப்பிடல. அவங்க விட்டுட்டு வந்த பழைய கம்பெனிலயும் எடம் இல்ல. ஞாயித்துக்கிழமை சர்ச்ல சில பேரு எஸ்தர் அக்கா பக்கத்துல உக்கார்றதில்லன்னு ரேவதி சொல்லுச்சு. நேத்து வரைக்கும் அக்கா அக்கான்னு சுத்தினவங்க. அவங்க மேல எனக்குக் கோவம் வரல. அவங்களும் நார்வே மேலயா போய் கோவப்பட முடியும்?

சரி, ஜூனியர் பசங்களுக்கு கத்துக்கிட்ட பாடம்னு ஒண்ணு சொல்லணும்ல. மெர்ச்சண்டைசரா வந்தீங்கன்னா பையரோட ஊரப் படிங்க. மழை எப்போ, காத்து எந்தப் பக்கம், கடல் எவ்ளோ தூரம், கடைங்க கரைலயா உள்ளயா, எல்லாம் படிங்க. ஒரே நாட்ட நம்பி லைன் போட்டா இன்டர்வியூலயே கேளுங்க, அங்க வானம் மாறினா இங்க இன்னா ஆவும்னு. பதில் வராது, இருந்தாலும் கேளுங்க. நான் எல்லாத்தையும் படிச்சிருந்தேன். நீரோட்டம் வரைக்கும் தெரியும் எனக்கு. தெரிஞ்சு ஒரு மெஷினக் கூட நிக்காம தடுக்க முடியல. அந்த உண்மையும் பாடத்துல சேத்துக்கோங்க. ஊருங்க தூரமா இருந்தா மழை தூரமா இருக்கும்னு நெனச்சிடாதீங்க.

போன வாரம் எஸ்தர் அக்கா போன் பண்ணாங்க. ராணிப்பேட்டை பக்கம் ஒரு கிளவுஸ் கம்பெனில சேந்துட்டாங்களாம், சூப்பர்வைசரா இல்ல, மெஷின்ல. ரெண்டு பஸ் மாறிப் போகணும்.

"இன்னா கிளவுஸ்க்கா?"

"லெதரு பா. உள்ள கம்பளி வெச்சு தெக்கிறோம்."

"எந்த நாட்டுக்குக்கா?"

"கேக்கல." பின்னாடி பஸ் ஹாரன் கேட்டுச்சு. "நீயும் விசாரிச்சு சொல்லிடாத பா. தெரிஞ்சுதுன்னா அந்த ஊரு வானத்தையே பாத்துட்டு உக்காந்திருப்பேன்."